தாயைத் தள்ளிவிட்டுச் சேயைக் காக்க முடியாது

2019ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு ஒரு நற்சான்று வழங்கியது. எச்.ஐ.வி. கிருமியும் சிபிலிசு நோயும் தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுவதை இந்நாடு ஒழித்துவிட்டது என்பதே அச்சான்று. 2015இல் கியூபாவும் 2016இல் தாய்லாந்தும் பெற்ற பெருமை இது. ஆட்சியாளரின் குறைகளை அஞ்சாது எடுத்துரைப்பது நமது கடமையாயின், நாடு செய்த நற்காரியத்தை மனமுவந்து பாராட்டுவதும் நமது கடமையே. இப்பெருமைக்கு உரியவர்கள் மேடைகளிலே மாலை சூடிக்கொண்டவர்கள் அல்லர். வெயிலென்றும் மழையென்றும் பாராது ஒழுங்கைகள்தோறும் சைக்கிளில் சென்று, கருவுற்ற பெண்களைப் பதிந்து, அவர்களை இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவைத்த மருத்துவமாதர்களுக்கே அது உரியது. 1926இல் களுத்துறையிலே தொடங்கப்பெற்ற சுகாதாரப் பிரிவு முறை ஒரு நூற்றாண்டுக் காலம் வேர்விட்டு வளர்ந்து தந்த கனி அது.

ஆயினும் ஒரு கேள்வி நம்முன் எழுகின்றது. பிறக்கும் வேளையிலே அரசின் கைகள் தாங்கிக் காத்த அதே பிள்ளையைப் பன்னிரண்டாம் வயதிலே காக்கப்போகின்றவர் யார்? அதிலும், பெற்ற தாயே போதைப்பொருளின் பிடியிற் சிக்கியிருப்பாளாயின் அப்பிள்ளைக்குத் துணை யார்? இந்தக் கேள்விக்கு அரசிடமும் விடையில்லை. நமது சமூகத்திடமும் விடையில்லை. விடையில்லாதது மட்டுமன்று, கேள்வியையே காதில் வாங்க மறுக்கும் ஒரு மௌனமும் நம்மிடையே நிலவுகின்றது. அம்மௌனத்தைக் கலைப்பதே இன்று நாம் எழுதுவதன் நோக்கம்.

தீவகத்தின் நிலை

பண்ணைத் தாம்போதியைக் கடந்து, மண்கும்பான், வேலணை, சரவணை என ஊர்களைத் தாண்டிச் சென்றால் புளியங்கூடலை அடையலாம். தோட்டமும் பனையும் கோயிலும் பள்ளிக்கூடமுமாக வாழ்ந்த ஊர். 1990ஆம் ஆண்டிலும் அதனையடுத்தும் தீவகத்தைச் சூழ்ந்த போர், அங்குள்ள மக்களை வேரோடு பிடுங்கி எறிந்தது. கொழும்புக்குப் போனவர் சிலர். கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனவர் பலர். திரும்பி வந்தவர் சிறு தொகையினரே. தீவகத்து ஊர்களிலே கூரையிழந்த கல்வீடுகளும் பற்றைமூடிய வளவுகளும் இன்றும் அதற்குச் சாட்சி பகர்கின்றன. பிள்ளையை அம்மம்மாவின் பொறுப்பில் விட்டுவிட்டுத் தொழில் தேடிப் போன பெற்றோரும் உண்டு. தனித்து நின்று குடும்பம் நடத்தும் கைம்பெண்களும் உண்டு.

இவ்வூர்களைச் சூழ்ந்திருப்பது கடல். அக்கடலுக்கு அப்பால் இந்தியக் கரை. கஞ்சாப் பொதிகள் இக்கடல் வழியே வந்து இறங்குவதும், கடற்படையினரும் பொலிஸாரும் அவற்றைக் கைப்பற்றுவதும் யாழ்ப்பாணத்து நாளேடுகளிலே வாராந்தச் செய்தியாகிவிட்டன. கஞ்சாவின் பின்னே ஹெரோயின் வந்தது. அதன் பின்னே ‘ஐஸ்’ எனப்படும் இரசாயனப் போதை வந்தது. 2022இல், ஊசி மூலம் போதை ஏற்றியதால் உண்டான கிருமித் தாக்கத்துக்கு யாழ்ப்பாணத்து இளைஞர்கள் பலியான செய்திகளைப் படித்து நாம் அனைவரும் திடுக்கிட்டோம்.

நாம் எந்த ஒரு வீட்டையும் சுட்டிக்காட்டவில்லை. எந்த ஓர் ஊரின் பெயரையும் கெடுக்க எண்ணவுமில்லை. புளியங்கூடலின் பெயரை நாம் எடுப்பது, தீவகத்து ஊர்களின் பொதுநிலைக்கு அது ஓர் எடுத்துக்காட்டாக இருப்பதனாலேயே. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் வாசலில் வசிக்கும் பெண்ணுக்கு ஒரு திட்டம் பயன்படலாம். அத்திட்டம் புளியங்கூடலுக்கும், அதற்கும் அப்பால் குறிகட்டுவானிலே வள்ளம் ஏறிப் போகவேண்டிய நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் எட்டுமா என்பதே அதன் உண்மையான சோதனை.

மூன்று வாசல்கள்

போதைக்கு அடிமைப்பட்ட தாயின் பிள்ளையை எச்.ஐ.வி. அணுகக்கூடிய வாசல்கள் மூன்று. முதலாவது பிறப்பு. கருவிலோ, பிரசவத்திலோ, தாய்ப்பாலிலோ கிருமி தொற்றலாம். எவ்விதத் தடுப்பும் இல்லையாயின் நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பத்தைந்து குழந்தைகள் வரை தொற்றுக்கு ஆளாவர். தாய்க்கு உரிய காலத்தில் மருந்து கொடுத்தால் அத்தொகை நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும். இந்த வாசலைத்தான் நாடு அடைத்துவிட்டது. எனினும், அது அடைபட்டிருப்பது தாய் கிளினிக்குக்கு வரும்வரையிலேதான். பொலிஸுக்கு அஞ்சியோ அயலவரின் பேச்சுக்கு அஞ்சியோ அவள் வராதொழிவாளாயின், அவ்வாசல் அவளுடைய பிள்ளைக்கு மட்டும் மீண்டும் திறந்துகொள்ளும்.

இரண்டாவது வாசல், தாயின் நோய். மருந்து எடுக்காத தாய் நோயுற்று வீழ்ந்தால் பிள்ளை அநாதையாகின்றது. அதற்கு மாறாக, மருந்தை ஒழுங்காக உட்கொள்ளும் தாய் மற்றவர்களைப் போலவே நெடுங்காலம் வாழ்ந்து பிள்ளையை வளர்த்து ஆளாக்க முடியும். அம்மருந்து அரசாங்கக் கிளினிக்குகளில் இலவசமாகவே கிடைக்கின்றது. இரத்தத்திலே கிருமி காணமுடியாத அளவுக்கு இறங்கிவிடுமாயின் உடலுறவு மூலமும் அது பிறருக்குத் தொற்றாது என்பதும் இன்று ஐயந்திரிபற நிறுவப்பட்ட உண்மை.

மூன்றாவது வாசல் வளரிளம் பருவம். இதுவே மிக அகன்றது. இதைப்பற்றியே நாம் மிகக் குறைவாகப் பேசுகின்றோம். போதைக்குட்பட்ட தாயின் பிள்ளைக்கு ஆபத்து இரத்தத்தின் வழியே வருவதில்லை. வீட்டு நிலையின் வழியே வருகின்றது. எங்கே போகின்றாய் என்று கேட்க ஆளில்லை. பள்ளிக்கூடம் இடையிலே நின்றுபோகின்றது. பொதி கொண்டுபோய்க் கொடுத்தால் காசு தருவேன் என்று ஒருவன் வருகின்றான். அன்பு காட்டுபவன்போல் நடித்து உடலைப் பறிக்க மற்றொருவன் வருகின்றான். பருவமடைந்த பிள்ளைக்கு உடலைப்பற்றி எடுத்துச் சொல்லவேண்டிய தாயோ நினைவிழந்து கிடக்கின்றாள். இலங்கையில் எச்.ஐ.வி. பெரும்பாலும் பரவுவது உடலுறவு மூலமே என்பதை நோக்கும்போது, இந்த மூன்றாம் வாசலின் பயங்கரம் நன்கு புலப்படும்.

சிறிய தொகையென்று இருந்துவிடலாமா?

“நமது நாட்டிலே இந்நோய் மிகச் சிலருக்குத்தானே உண்டு? இதற்கு ஏன் இத்தனை ஆரவாரம்?” என்று கேட்போர் இருக்கின்றனர். வயதுவந்தோரில் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவானவரிடமே இக்கிருமி உள்ளதென மதிப்பிடப்பட்டிருப்பது உண்மைதான். ஆனால் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுவோர் தொகை 2022இல் அறுநூறைத் தாண்டியது. 2023இல் அதனினும் கூடியது. தீ அடுப்பளவாய் இருக்கையில் அணைப்பவனே அறிவாளி.

ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரம் இதற்கு ஒரு பாடம். 1980களின் தொடக்கத்திலே அந்நகரப் பொலிஸார் ஹெரோயின் பாவிப்போரைப் பிடிப்பதில் மும்முரமாய் ஈடுபட்டு, அவர்களிடமிருந்த ஊசிகளையெல்லாம் பறித்தனர். ஊசி கிடைக்காதவர்கள் ஹெரோயினைக் கைவிட்டனரா? இல்லை. ஓர் ஊசியைப் பலர் பகிர்ந்துகொண்டனர். அந்நகரின் வறிய பகுதியொன்றிலே குடும்ப வைத்தியம் பார்த்த டொக்டர் றோய் றொபேட்சனும் அவரது தோழர்களும் 164 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்து 1986இலே முடிவை வெளியிட்டனர். அவர்களுள் நூற்றுக்கு 51 பேருக்குக் கிருமி தொற்றியிருந்தது. பக்கத்து நகரமான கிளாஸ்கோவிலோ அது அவ்வாறு பரவவில்லை. பின்னர் எடின்பரோவும் சுத்தமான ஊசியும் மாற்று மருந்தும் கொடுக்கத் தொடங்கிய பிறகே அங்கு புதுத் தொற்று தணிந்தது.

ஆண்களைத் தாக்கிய அந்நோய் ஆண்களோடு நின்றுவிடுமா என்பதற்கு இந்தியாவின் மணிப்பூர் விடை சொல்லும். 1990ஐ ஒட்டிய ஆண்டுகளிலே அங்கு ஊசிப் போதையினரிடையே மூண்ட தொற்று, ஒருபோதும் ஊசி தொட்டறியாத அவர்தம் மனைவியரின் வீடுகளுக்குள்ளும் புகுந்தது. அம்மனைவியரிடமிருந்து பிள்ளைகளைத் தேடிச் சென்றது. ஒரு மனிதனின் பழக்கம் ஒரு குடும்பத்தின் நோயாகும் கதை இது. ஆகவே தடுப்பும் தனிமனிதனோடு நில்லாது குடும்பத்தைத் தழுவியதாக இருத்தல் வேண்டும்.

வேட்டையினால் விளைவது என்ன?

இலங்கை அரசு தெரிந்தெடுத்த வழியோ வேறு. 2023 டிசெம்பரிலே ‘யுக்திய’ என்ற பெயரால் நாடெங்கும் ஒரு வேட்டை தொடங்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு மாத காலத்துள் 29,000 பேருக்கு மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர் என்றும், பல நூற்றுவர் இராணுவத்தினர் நடத்தும் கட்டாயப் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர் என்றும் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் 2024 ஜனவரியிலே கண்டனம் தெரிவித்தனர். போதை வியாபாரிகளின்மீது நமக்கு எள்ளளவும் இரக்கமில்லை. கடல்கடந்து பொதி இறக்கும் முதலைகளைப் பிடிக்கட்டும், தண்டிக்கட்டும். ஆனால் ஒரு சிட்டிகை தூளோடு பிடிபட்ட தாய் சிறைக்குச் செல்லும்போது, அவளுடைய வீட்டிலே அன்றிரவு விளக்கேற்றுபவர் யார் என்று எந்த அதிகாரியாவது கேட்டதுண்டா?

தாயைச் சிறைக்கு அனுப்பிப் பிள்ளையை விடுதிக்கு அனுப்பிவிட்டால் அரசின் கோப்பு மூடப்பட்டுவிடும். பிள்ளையின் துயரம் அன்றுதான் தொடங்கும். அதுமட்டுமன்று. ஒரு தாய் சிறை சென்ற செய்தி, மற்றைய நூறு தாய்மாரை வைத்தியசாலைக்குப் போகவிடாது தடுக்கும். “உண்மையைச் சொன்னால் பிள்ளையைப் பறித்துவிடுவார்கள்” என்று அஞ்சும் எந்தத் தாயும் மருத்துவமாதிடம் வாய் திறக்கமாட்டாள். வாய் திறவாத இடத்திலே வைத்தியமும் இல்லை.

ஊரின் நாக்கு

அரசை மாத்திரம் குற்றஞ்சாட்டி நாம் ஒதுங்கிவிட முடியாது. நமது சமூகத்தின் நாக்கும் பொலிஸாரின் விலங்குக்குச் சற்றும் குறைந்ததன்று. 2016இலே குளியாப்பிட்டியில் நடந்ததை நாடு மறந்திருக்காது. தந்தை எயிட்ஸ் நோயால் இறந்தார் என்று ஒரு வதந்தி. ஆறு வயதுச் சிறுவனுக்குக் கிருமி இல்லையென்று பரிசோதனை காட்டிய பின்னரும், அவனைச் சேர்த்த பாடசாலைக்குத் தங்கள் பிள்ளைகளை அனுப்ப மறுத்தனர் ஏனைய பெற்றோர். இறுதியிலே கண்டி திரித்துவக் கல்லூரியே அச்சிறுவனுக்கு இடமளித்தது. அச்சிறுவனுக்குக் கிருமி இருந்திருந்தாற்கூட, ஒரே வாங்கில் இருப்பதாலோ, ஒரே கோப்பையில் தேநீர் அருந்துவதாலோ, கட்டித்தழுவுவதாலோ அது எவருக்கும் தொற்றியிராது. இத்துணை எளிய உண்மையை அறியாமையினாலே ஒரு குழந்தையை ஊரே துரத்தியது.

தமிழகத்தின் அனுபவமும் இதுவே. இந்தியாவிலே முதன்முதலாக இக்கிருமி 1986இல் சென்னையிலே கண்டறியப்பட்டது. டொக்டர் சுனிதி சொலமனும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும் அதனைக் கண்டறிந்தனர். கிருமி கண்ட பெண்கள் சிலர் நோயாளிகளாக நடத்தப்படாது காவல் இல்லத்திலே அடைத்துவைக்கப்பட்டனர். நீதிமன்றம் தலையிட்ட பிறகே அவர்கள் வெளியுலகைக் கண்டனர். அடைத்து வைத்ததால் நோய் நின்றதா? நிற்கவில்லை. சுனிதி அம்மையார் 1993இல் நிறுவிய நிலையத்திலே, இகழாது வரவேற்கும் வைத்தியரை நாடி நோயாளர்கள் தாமாகவே வந்தார்கள். பிடித்து அடைத்தவர்களுக்குக் கைவராதது, கைகூப்பி வரவேற்றவர்களுக்குக் கைவந்தது.

செய்யக்கூடியது என்ன?

குறை கூறுவது எளிது. வழி சொல்வதே கடினம் என்பர். வழி உலகிற்குப் புதியதன்று. 1980களிலே அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கரோல் கம்ப்பர் என்ற அறிஞர், போதைச் சிகிச்சை பெறும் பெற்றோரின் பிள்ளைகளுக்காக ஒரு குடும்பத் திட்டத்தை வகுத்தார். பதினான்கு வாரம், வாரத்துக்கு ஒரு மாலை. முதலில் எல்லோரும் கூடி உண்பர். பிறகு ஒரு மணிநேரம் பெற்றோர் ஒரு பக்கம், பிள்ளைகள் மறுபக்கம். அடுத்த ஒரு மணிநேரம் இருசாராரும் ஒன்றாய் அமர்ந்து, கற்றதைப் பயில்வர். தாய்க்கு மட்டும் கற்பித்ததையும் பிள்ளைக்கு மட்டும் கற்பித்ததையும்விட, இருவரையும் சேர்த்து இருத்திக் கற்பித்ததே மிகுந்த பயன் தந்தது என்று கண்டனர். எச்.ஐ.வி. தொற்றிய பெற்றோருக்கும் அவர்தம் வளரிளம் பிள்ளைகளுக்கும் 1990களில் நியூயோர்க்கிலே மேரி ஜேன் ரொதெரம்-போருசும் தோழர்களும் இத்தகைய ஒரு திட்டத்தை நடத்தினர். ஆண்டுகள் சில கழித்துப் பார்த்தபோது, அதிலே பங்குபற்றிய குடும்பங்களின் பிள்ளைகளிடையே பால்யத்திலேயே பெற்றோராகிவிடும் நிலை குறைந்திருந்தது.

இம்மாலைகளிலே என்னதான் கற்பிக்கின்றனர்? பிள்ளை செய்த நல்லதைக் கண்டு வாய்விட்டுப் பாராட்டத் தாய் கற்கின்றாள். அடியாமலும் திட்டாமலும் வீட்டுக்கு ஓர் ஒழுங்கு வைக்கக் கற்கின்றாள். பிள்ளை யாரோடு போகின்றது, எப்போது வரும் என்று அறிந்துவைக்கக் கற்கின்றாள். பருவமாற்றத்தைப் பற்றியும் நோய்த்தொற்றைப் பற்றியும் நாணாது பேசக் கற்கின்றாள். தீய அழைப்புக்கு ‘மாட்டேன்’ என்று சொல்லவும், சொல்லிவிட்டு உதவி தேடி யாரிடம் ஓடுவதென்றும் பிள்ளை கற்கின்றது. தாயின் பழக்கத்துக்குத் தான் காரணமல்ல என்பதையும் அது கற்கின்றது. இவற்றிலே நமது பண்பாட்டுக்கு மாறானது எது?

இத்திட்டத்தைத் தீவகத்திலே நடத்த மாளிகைகள் வேண்டியதில்லை. ஊருக்கு ஊர் நமது முன்னோர் கட்டியெழுப்பிய சனசமூக நிலையங்கள் உள்ளன. மருத்துவமாது இருக்கின்றார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இருக்கின்றார். கல்வியறிவும் பொறுமையும் படைத்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கின்றனர். எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மம்மாவும் அப்பம்மாவும் சின்னம்மாவும் மாமியும் இருக்கின்றனர். மேனாட்டிலே தாயையும் பிள்ளையையும் மட்டும் அழைத்தனர். நாமோ அம்மம்மாவையும் அழைத்தேயாக வேண்டும். தாய் சிகிச்சை பெறும் மாதங்களிலே சோறு ஆக்கிப் போட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பப்போகின்றவர் அவரே.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. ‘எயிட்ஸ் வகுப்பு’ என்றோ ‘போதைத் தாய்மார் கூட்டம்’ என்றோ பலகை தொங்கவிட்டால் ஒருவரும் படியேறமாட்டார்கள். ஊரிலுள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவான பெற்றோர் வகுப்பாகவே அது அமைதல் வேண்டும். தனித்த உதவி தேவைப்படுபவருக்கு அது மறைவாகக் கிடைத்தல் வேண்டும். ஒரு பெண்ணின் இரத்தப் பரிசோதனை முடிவு வைத்தியசாலையின் சுவரைத் தாண்டி வெளியே வருமாயின், அவ்வூரிலே அத்திட்டம் அன்றே செத்துவிடும்.

“பிள்ளைகளிடம் இவற்றைப் பேசினால் பிள்ளைகள் கெட்டுவிடும்” என்று சில பெரியவர்கள் சொல்லக்கூடும். அவர்களை நாம் மதிக்கின்றோம். ஆயினும் அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கைத்தொலைபேசி குடிசைக்குள்ளும் புகுந்துவிட்ட இக்காலத்தில், பிள்ளை இவற்றை அறியுமா அறியாதா என்பது கேள்வியன்று. தாயிடமிருந்து அறியப்போகின்றதா, தரகனிடமிருந்து அறியப்போகின்றதா என்பதே கேள்வி.

நமது கோரிக்கைகள்

சுகாதாரமும், நன்னடத்தை சிறுவர் பராமரிப்பும் 13ஆம் திருத்தத்தின்படி மாகாணத்துக்குரிய துறைகள். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்ரோபரிலே முடிந்தது. அதன்பின் தேர்தலின்றியே ஆண்டுகள் பல உருண்டோடின. மக்கள் தெரிந்தெடுத்த மன்றம் ஒன்றிருந்தால், நெடுந்தீவுத் தாய்க்கும் புளியங்கூடற் பிள்ளைக்கும் என்ன செய்தாய் என்று அமைச்சரை எழுப்பி நிறுத்திக் கேட்டிருக்கலாம். உரிமை வேறு, உயிர் வேறு என்று எண்ணுவோர் இதனைச் சிந்திப்பாராக.

எனினும், எவர் ஆண்டாலும் இன்றே செய்யக்கூடியவை சில உள. முதலாவது, போதைப் பழக்கத்தை மருத்துவமாதிடம் வெளியிடும் தாய்மீது அக்காரணம் பற்றி வழக்குத் தொடரலாகாது; பிள்ளையைப் பிரிக்கவும் ஆகாது. இரண்டாவது, பிள்ளைக்கு வீட்டிலே உண்மையான ஆபத்து இருக்குமாயின், விடுதியை நாடுமுன் உறவினர் வீட்டை நாடுதல் வேண்டும். 1939ஆம் ஆண்டின் சிறுவர் இளைஞர் கட்டளைச்சட்டமே தகுந்த உறவினரிடம் பிள்ளையை ஒப்படைக்க இடமளிக்கின்றது. மூன்றாவது, தாயும் சேயும் பிரியாது தங்கிச் சிகிச்சை பெறும் இல்லம் ஒன்று வடக்கிலே, வைத்தியர்களின் பொறுப்பில், சீருடையினரின் கையிற் படாது அமைதல் வேண்டும். நான்காவது, பாலியல் நோய்த் தடுப்புக் கிளினிக்கும் போதைச் சிகிச்சையும் குறித்த நாட்களிலே ஊர்காவற்றுறைக்கும் வேலணைக்கும் தேடி வருதல் வேண்டும். வெளித்தீவு மக்களுக்கு வள்ளச் செலவும் கொடுக்கப்படல் வேண்டும். ஐந்தாவது, நாம் மேலே கூறிய குடும்ப வகுப்புகளைத் தீவகத்திலேயே முதலில் தொடங்குதல் வேண்டும். இத்தனைக்கும் ஆகும் பணம், ஒரு நாள் வேட்டைக்கு ஆகும் பணத்தைவிடப் பெரிதாயிராது என்பது நமது துணிபு.

புலம்பெயர்ந்து வாழும் தீவகத்து மக்களுக்கும் ஒரு சொல். கோயிற் கோபுரங்களுக்கும் மண்டபங்களுக்கும் நீங்கள் அள்ளி வழங்குவதை நாடறியும். அவ்வள்ளற் கரத்தின் ஒரு விரலையேனும் இப்பக்கம் நீட்டுங்கள். ஒரு மருத்துவமாதுக்கு ஒரு மோட்டார் சைக்கிளும், ஒரு சனசமூக நிலையத்துக்கு மாலைச் சாப்பாடும் தரும் புண்ணியம் எந்தத் திருப்பணிக்கும் குறைந்ததன்று.

பிறக்கும் குழந்தையை இந்நாடு காத்தது, தாயைப் பதிந்து, தாயைத் தேடிச் சென்று, தாய்க்கு மருந்து கொடுத்ததனாலேயே. அந்த வெற்றியின் இரகசியம் அதுவே. குழந்தை நடக்கத் தொடங்கியதும் அந்த இரகசியத்தை நாம் மறந்துவிடுகின்றோம். தாயைக் குற்றவாளியாக்கிவிட்டுப் பிள்ளையைத் தனியே காக்க முனைகின்றோம். கன்றைக் காக்க விரும்புபவன் பசுவைக் கல்லால் அடித்துத் துரத்தமாட்டான். தாயைக் காப்போம், சேய் தானாகவே காக்கப்படும்.